ஜெஃப் பெக் எதையும் வீணடிக்கவில்லை

2023 ஜனவரியில் ஜெஃப் பெக் இறந்த செய்தி வந்தபோது எங்கள் கல்லூரி பேண்ட் வாட்ஸப் குழு நெடுநாளைக்குப் பிறகு விழித்துக்கொண்டது. நாலு பேர். இன்ஜினியரிங் படித்த காலத்தில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னால் வாசித்துப் பக்கத்து பிளாக்கிடம் திட்டு வாங்கியவர்கள். இப்போது நாலு பேருமே மென்பொருளில். ஆளுக்கொரு அழுகை எமோஜி போட்டு முடித்ததும், எங்களில் நிஜமாகவே வாசிக்கத் தெரிந்தவன் எழுதினான்: “மச்சி, ஆளு பயங்கர டேலண்ட்தான். ஆனா யோசிச்சுப் பாரு, கடைசியா என்னத்த விட்டுட்டுப் போனாரு? கிளாப்டன் பேரச் சொன்னா பத்துப் பாட்டு ஞாபகம் வருது. பேஜ்னா லெட் செப்பலின். இவரு? வேஸ்ட் பண்ணிட்டாருடா.”

அன்றைக்கு நான் பதில் போடவில்லை. ஆபீஸில் ஏதோ எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த ‘வேஸ்ட்’ உள்ளே முள்ளாகத் தங்கிவிட்டது. இது என் நண்பன் ஒருவனின் கருத்து மட்டுமில்லை என்பதுதான் பிரச்சினை. பெக்கைப் பற்றி ஐம்பது வருடமாக மரியாதையான சொற்களில் சொல்லப்பட்டு வருவதும் இதுதான். ‘கிதார்காரர்களின் கிதார்காரர்’ என்று பாராட்டுவார்கள். ஊர் அறியாதவர் என்று நாசூக்காகச் சொல்வதுதான் அது.

முதலில் குற்றப்பத்திரிகையை நேர்மையாக வாசித்துவிடுவோம். 1965இல் கிளாப்டன் யார்ட்பேர்ட்ஸை விட்டு விலக, அந்த இடத்துக்கு பெக் வருகிறார். அடுத்த வருடமே வெளியேறிவிடுகிறார். ராட் ஸ்டூவர்ட்டையும் ரான் வுட்டையும் சேர்த்து ஜெஃப் பெக் குரூப் தொடங்குகிறார். 1968இல் ‘ட்ரூத்’ வருகிறது. சில மாதங்கள் கழித்து, 1969 ஜனவரியில், லெட் செப்பலினின் முதல் ஆல்பம். கனத்த ப்ளூஸ், உரத்த கிதார், உச்சத்தில் கத்தும் பாடகர் எனக் கிட்டத்தட்ட அதே செய்முறை. ஒரு பாட்டுகூட இரண்டிலும் பொது. செப்பலின் உலகத்தை ஆள, பெக்கின் குழு வுட்ஸ்டாக்கில் வாசிக்க வேண்டிய நேரத்தில் உடைந்துபோனது. ஸ்டீவி வொண்டர் இவருக்கென்று யோசித்த ‘சூப்பர்ஸ்டிஷன்’ வொண்டரின் பெயரிலேயே முதலில் வெளியாகி ஹிட்டானது. பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் பாடகரே வேண்டாம் என்று தனியாளாக நின்றார். சொந்தமாக எழுதிய பாட்டென்று ஊர் முணுமுணுப்பது எதுவும் இல்லை. போதாதா?

போதாது. இந்தக் குற்றப்பத்திரிகை முழுவதும் ஒரே அனுமானத்தில் நிற்கிறது: கலைஞன் என்பவன் ஒரு பொருளைச் செய்து அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஆல்பம், ஹிட், பேண்டின் பெயர் என்று எண்ணக்கூடிய ஏதோ ஒன்று. எண்ண முடியவில்லையா, வீண். இதைத்தான் நான் மறுக்கிறேன்.

சொந்தப் பாட்டு எழுதாதவர் என்ற புகாரையே எடுங்கள். பெக்கின் கச்சேரிகளில் ஆட்களை உறைய வைத்தவற்றில் பாதிக்கு மேல் பிறருடையவை. ஒன்று ஸ்டீவி வொண்டருடையது, ஒன்று பீட்டில்ஸுடையது, ஒன்று புச்சினியின் ஓபராவிலிருந்து. அதனாலென்ன? சபாவில் உட்கார்ந்திருக்கும் எவராவது பாடகரைப் பார்த்து, “இது தியாகராஜர் எழுதினது ஆச்சே, உங்க சரக்கு எங்கே?” என்று கேட்பாரா? அதே கிருதியில் இன்றைக்கு அவர் என்ன செய்தார் என்பதுதானே பேச்சு. பாடுகிறவனே எழுதியும் ஆக வேண்டும் என்பது ராக் இசையில் அறுபதுகளில் கெட்டிப்பட்ட ஒரு சட்டம். எழுதியவர் பேருக்குத்தான் ராயல்டி போகும் என்பதால் அந்தச் சட்டத்துக்கு ஒரு பணக்கணக்கும் உண்டு. அதைக் கலையின் இயற்கை விதியென்று நாம் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்?

‘நாடியா’வைக் கேளுங்கள். நிதின் சாஹ்னியின் 1999 ஆல்பமான ‘பியாண்ட் ஸ்கின்’னில் வருவது, இந்துஸ்தானி சாயலில் ஒரு பெண்குரல் வளைந்து வளைந்து இறங்கும். 2001இல் பெக் அதைக் கிதாரில் வாசித்தார். ராகம் படித்தவரல்ல. லண்டன் புறநகரில் வளர்ந்து, பழைய கார்களைப் பிரித்துக் கோர்ப்பதைக் கிதார் அளவுக்கே நேசித்த மெக்கானிக் மனசுக்காரர். ஆனால் அந்தக் குரலின் ஒவ்வொரு அசைவையும் காதால் பிடித்திருக்கிறார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் அந்த வழுக்கலை, நம் ஊரில் கமகம் என்று பெயர் வைத்துத் தலைமுறை தலைமுறையாகக் கற்பிப்பதை, ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் கொண்டுவந்திருக்கிறார்.

எப்படி? இங்கேதான் அவருடைய கையைப் பார்க்க வேண்டும். எண்பதுகளில் பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார். கட்டைவிரலாலும் மற்ற விரல்களாலும் கம்பியைச் சுண்டுகிறார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் வால்யூம் குமிழைத் திருகுகிறது. கம்பியைத் தொட்ட சத்தம் மறைந்து, ஒலி எங்கிருந்தோ ஊறி வருவதுபோல எழுகிறது. அதே கையின் பிடியில் வாமி பார் என்கிற இரும்புக் குச்சி. அழுத்தினால் சுருதி இறங்கும். விரலால் கம்பியை வளைத்தால் சுருதி ஏற மட்டும்தான் செய்யும். பெக் தன் பிரிட்ஜை மிதக்கும்படி அமைத்துக்கொண்டதால் பாரைக் கொண்டு இரண்டு பக்கமும் போகலாம். ஒலியை எழுப்புவது, அளப்பது, வளைப்பது எல்லாம் ஒரே கையில்.

1989இல் வந்த ‘வேர் வேர் யூ’வில் இதன் உச்சம். பல்கேரியப் பெண்களின் கூட்டுப்பாடலைக் கேட்டு மயங்கிப்போய் உருவாக்கியது. மெட்டின் பெரும்பகுதியை அவர் ஃப்ரெட்டில் விரல் அழுத்தி வாசிப்பதில்லை. கம்பியை லேசாகத் தொட்டு ஹார்மோனிக் ஒன்றை எழுப்பி, பாரை அசைத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களுக்குப் போகிறார். ஃப்ரெட் என்பது ஒரு கைப்பிடிச் சுவர். சரியான இடத்துக்குப் பக்கத்தில் அழுத்தினாலே போதும், சுருதியை அது பார்த்துக்கொள்ளும். பெக் அந்தச் சுவரை விட்டுவிட்டு நடக்கிறார். பாரை ஒரு மயிரிழை கூடுதலாக அழுத்தினால் ஸ்வரம் போச்சு, அதை மூவாயிரம் பேரும் கேட்பார்கள்.

இப்போது சொல்லுங்கள், இப்படி வாசிக்கும் ஒருவருக்கு ‘இறுதி வடிவம்’ என்று ஒன்று இருக்க முடியுமா? இந்த வாசிப்பின் பிறவிக்குணமே மேடைதான். ஸ்டுடியோவில் அவர் பதிந்தது அன்றைய நாளின் ஒரு முயற்சி. நேற்று ஒன்று, நாளை இன்னொன்று.

2007 நவம்பரில் லண்டன் சோஹோவில் உள்ள ரானி ஸ்காட்ஸ் ஜாஸ் கிளப்பில் அவர் வாசித்தது வீடியோவாகக் கிடைக்கிறது. ஸ்டேடியத்தில் வாசித்துப் பழகிய மனிதர் மேசைக்கும் மேசைக்கும் இடமில்லாத ஒரு சின்ன அறையில் நிற்கிறார். வயது 63. டிரம்ஸில் வின்னி கொலாயூட்டா, கீபோர்டில் ஜேசன் ரெபெல்லோ, பேஸில் 21 வயது நிறையாத டால் வில்கன்ஃபெல்ட். ஸ்டீவி வொண்டரின் மெட்டு நடுவில், வழக்கமாகக் கிதார் அழ வேண்டிய இடத்தில், பெக் ஒதுங்கி அந்தப் பெண்ணுக்கு இடம் விடுகிறார். அவள் வாசிக்க வாசிக்க இவர் முகத்தைப் பாருங்கள். வகுப்பில் நல்ல பையனைக் கண்டுபிடித்துவிட்ட வாத்தியார் முகம்கூட அல்ல அது. அடுத்து நாம என்ன செய்யலாம் என்று யோசிக்கிற சக வேலைக்காரனின் முகம்.

பேண்ட் நிலைக்கவில்லை என்று புகார் சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. ஜெனிஃபர் பேட்டன், வில்கன்ஃபெல்ட், ராண்டா ஸ்மித், 2016இல் ‘லவுட் ஹெய்லர்’ ஆல்பத்துக்கு ரோஸி போன்ஸ், கார்மென் வாண்டன்பெர்க் என்று அவர் வயது ஏற ஏறப் புதிய ஆட்களோடு, பெரும்பாலும் தன்னைவிட மிக இளையவர்களோடு, திரும்பத் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். அவர் வயதுக்காரர்கள் பலர் பழைய கூட்டாளிகளை ஒன்றுசேர்த்து, பழைய பாட்டைப் பழைய மாதிரியே வாசித்து, பழைய ரசிகர்களிடம் புதிய விலைக்கு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்த காலம் அது.

அந்தப் பாதை எங்கே போய் முடிகிறது என்று இப்போது தெரிந்துவிட்டது. 2022இலிருந்து லண்டனில் அப்பா குழுவின் டிஜிட்டல் உருவங்கள் கச்சேரி நடத்துகின்றன. 2023 டிசம்பரில் கிஸ் குழு நியூயார்க்கில் கடைசிக் கச்சேரியை முடித்த கையோடு தங்கள் டிஜிட்டல் அவதாரங்களை மேடையேற்றியது. நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறதாம். ஏன் அதிர வேண்டும்? ரெகார்டில் கேட்டது அச்சு அசலாக மேடையிலும் வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தானே? விளக்கும் திரையும் கிளிக் டிராக்கோடு பூட்டப்பட்டு, ஒரு பார் கூடுதலாக வாசிக்கக்கூட வழியில்லாத கச்சேரிக்குப் போய், “அப்படியே ரெகார்டு மாதிரி இருந்துச்சு மச்சி” என்று மெச்சியவர்கள் நாம்தானே? அதுதான் தேவையென்றால் மனிதன் எதற்கு? அவதாரத்துக்குத் தொண்டை கட்டாது. கிரீன் ரூமில் சண்டை போடாது. வுட்ஸ்டாக்குக்கு முன்னால் உடைந்து போகாது.

சரி, எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பெக் தேவனல்ல. 1985இன் ‘ஃப்ளாஷ்’ வானொலியைத் துரத்திக்கொண்டு ஓடிய ஆல்பம். வேடிக்கை என்னவென்றால் அதிலிருந்த ‘எஸ்கேப்’புக்குத்தான் கிராமி கிடைத்தது. 2022இல் ஜானி டெப்போடு சேர்ந்து செய்த ‘18’ஐ நான் இரண்டாம் முறை கேட்கப்போவதில்லை. சில பேண்டுகளை அவர் விட்டுவிட்டுப் போனது கலைக்காக அல்ல, சிடுசிடுப்பால்தான் என்றால் அதையும் ஒத்துக்கொள்வேன். இவ்வளவு வருடம் தன்னிஷ்டத்துக்கு இருக்க முடிந்ததற்கு 1975இல் ‘ப்ளோ பை ப்ளோ’ பெற்ற வெற்றி காரணம் என்றும் சொல்லலாம். பாடலே இல்லாத அந்த ஆல்பம் அமெரிக்கப் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுண்டு. அவர் வாசித்து நான் நேரில் கேட்டதே இல்லை. மேடைதான் எல்லாம் என்று முழங்கும் நான் அவரை அறிந்தது லேப்டாப்பும் ஹெட்போனும் வழியாக. பதிவுகள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையே இல்லை. அப்புறம் என்ன பெரிய பேச்சு?

என் பதில் இதுதான். ‘வேர் வேர் யூ’வின் ஸ்டுடியோ பதிவையும் ரானி ஸ்காட்ஸ் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால், இரண்டில் எதுவும் ‘ஒரிஜினல்’ அல்ல என்பது விளங்கும். ஒன்றில் அவர் காத்திருக்கும் இடத்தில் இன்னொன்றில் காத்திருப்பதில்லை. பதிவு என்பது நினைவுச்சின்னம் அல்ல, ஒருநாள் சாட்சி. பல சாட்சிகளைக் கேட்டால், நடுவே ஐம்பது வருடம் ஒரு மனிதன் விடாமல் செய்துகொண்டிருந்த வேலை தெரியும். அந்த வேலைதான் அவர் விட்டுப்போனது.

இதில் எனக்கு என்ன வந்தது? சொல்கிறேன். முன்பு ஓரிடத்தில் ஆறு வருடம் ஒரு பழைய பணப்பரிமாற்ற சிஸ்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நள்ளிரவில் விழுந்தால் எழுப்புவேன். எங்கே, எப்போது, எதனால் மூச்சுத் திணறும் என்று அதன் போக்கு முழுக்கத் தெரியும். வருடாந்திர மதிப்பீட்டில் மேனேஜர் மென்மையாகத்தான் கேட்டார்: “எல்லாம் சரிப்பா, இதுல உன் பேரச் சொல்ற மாதிரி நீ என்ன பில்ட் பண்ணுன?” என்னிடம் பதிலில்லை. அது விழாமல் இருந்த இரவுகளை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நானும் என்னை அந்தச் சொல்லால்தான் திட்டிக்கொண்டேன். வேஸ்ட்.

என்னை பெக்கோடு ஒப்பிடவில்லை, அந்த அளவுக்குக் கிறுக்கு முற்றவில்லை. கேள்வி ஒன்றுதான் என்கிறேன். என் மேனேஜர் என்னிடம் கேட்டதை நண்பன் செத்துப்போன ஒரு கலைஞனிடம் கேட்டான். மதிப்பீட்டுப் படிவத்தை ஆபீஸில் விட்டுவிட்டு வர வேண்டாமா? இசை கேட்க உட்காரும்போதும் அதை மடியில் வைத்துக்கொண்டால், யாரைத்தான் நாம் கேட்போம்?

அதனால் மச்சி, தாமதமான பதில் இது. பத்துப் பாட்டு ஞாபகம் வரவில்லை என்றாய். வர வேண்டாம். நீயும் ஒரு காலத்தில் நன்றாக வாசித்தவன். உன் கிதார் மாமியார் வீட்டுப் பரணில் இருப்பதாகப் போன தீபாவளிக்குச் சொன்னாய். பேர் சொல்ற மாதிரி ஒன்றும் செய்யவில்லை என்பதற்காகத்தான் நீ நிறுத்தினாய் என்று எனக்கொரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை ‘நாடியா’வைப் போட்டுக் கேள். பிறகு பரணில் ஏறு. கம்பி துருப்பிடித்திருக்கும், ஒரு புது செட் வாங்கி வைத்திருக்கிறேன்.