துறைக்குறிப்பு மறுநாள் வரட்டும்

இலக்கியம் படிக்கப்போய் இலக்கியத்தின்மேல் இருந்த ஆசையே போயிற்று என்று புலம்பும் முதுகலை மாணவர்கள் பழியை இலக்கணத்தின்மேல் போடுகிறார்கள். தவறு. குற்றவாளிகள் ஆசிரியர்களாகிய நாம்தான்.

குறுந்தொகைப் பாடல்கள் 401. பெரும்பாலானவை எட்டடியைத் தாண்டாதவை. முதல், கரு, உரி என்னும் பகுப்பு அச்சிறு வெளிக்குள் நுழைய ஒரு வாசல். நாமோ பாட்டை வாசிக்கும் முன்பே திணை, துறை, கூற்று மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். அதன்பின் மாணவர் கண்டடைய என்ன மிச்சம்? நானும் அப்படித்தான் பயின்றேன். பட்டம் பெற்றபின் ஆறு ஆண்டுகள் சங்க நூல் எதையும் விரும்பித் தொடவில்லை. பிறகு அதே நோயை என் மாணவர்களுக்கும் பரப்பினேன்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி பற்றிக் கேட்டு அவரைத் தூண்டியவர் தமிழாசிரியர் அல்லர். முன்சீப் சேலம் இராமசாமி முதலியார். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது.

பாடத்திட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாள் பாட்டை மட்டும் வாசிப்போம். பேசுவது தலைவியா, தோழியா என்று மாணவர்கள் சண்டையிடட்டும். துறைக்குறிப்பு மறுநாள் வரட்டும்.