மெஸ் வாசலில் இரண்டு நீல டிரம்கள்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மகனை அழைத்துவர அவன் ஹாஸ்டலுக்குப் போயிருந்தேன். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. "சாப்பிட்டுட்டே கிளம்பலாம்மா, இன்னிக்கு சப்பாத்தி குருமா" என்றான். விருந்தினர் டோக்கன் வாங்கிக்கொண்டு மெஸ்ஸுக்குள் போனேன்.

கை கழுவும் இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு நீல டிரம்கள். ஒன்று, தட்டில் மிஞ்சியதைக் கொட்ட. அது பாதிகூட நிரம்பவில்லை. இன்னொன்றில் மதியம் வடித்த சோறு, கரண்டியே படாமல் விளிம்பு வரை. ராத்திரி பன்றிப் பண்ணைக்காரர் வந்து எடுத்துப் போவாராம்.

நானும் வீட்டில் தட்டில் மிச்சம் வைத்தால் கத்துகிற அம்மாதான். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோற்றின் அருமை தெரியவில்லை' என்று இந்த வாரப் பத்தியை மனசுக்குள் எழுதியே முடித்துவிட்டேன். இரண்டாவது டிரம்மைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அது பிள்ளைகள் கொட்டியது இல்லையே?

சமையல் மாஸ்டரிடம் கேட்டேன். "ஆபீஸ்ல நானூறு பேருன்னு எழுதியிருக்கும்மா. நானூறு பேருக்கு அரிசி போடறேன். வெள்ளிக்கிழமை மத்தியானமே பாதிப் பேர் பஸ் ஏறிடறாங்க. யார் போனாங்க, யார் இருக்காங்கன்னு எனக்கு யார் சொல்றா? பத்தாமப் போச்சுன்னா மட்டும் எங்கிட்ட சண்டைக்கு வருவாங்க."

நியாயம்தான். ஊருக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனால் என்ன? மகனைக் கேட்டேன்.

"தொடர்ந்து அஞ்சு நாள் லீவு எழுதிக் கொடுத்தாத்தான் மெஸ் கட் தருவாங்க. ரெண்டு நாளுக்கு ஒரு ரூபாகூடக் குறையாது. அப்புறம் எதுக்கும்மா எழுதணும்?"

ஹாஸ்டலில் படித்தவர்களுக்கு 'டிவைடிங் சிஸ்டம்' தெரிந்திருக்கும். மாசம் முழுக்க ஆன மளிகை, காய்கறி, கேஸ், ஆள் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அதாவது அந்த டிரம்மில் கிடக்கும் சோற்றுக்கும் பிள்ளைகள்தான் பணம் கட்டுகிறார்கள். மகனுடைய அறைத் தோழன் ஒருவன். அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார். பஸ் காசை மிச்சம் பிடிக்க அவன் மாதம் ஒரு முறைதான் ஊருக்குப் போவான். தட்டில் ஒரு பருக்கை வைக்கமாட்டான். ஆனால், மெஸ் பில் நோட்டீஸ் ஒட்டுகிற அன்று முதலில் போய் நின்று பார்ப்பவனும் அவன்தான். ஊருக்குப் போனவர்களுக்காக வடித்த சோற்றின் பங்கு அவன் தலையிலும் விழுகிறது.

போனது அரிசி மட்டுமா? அதை வேகவைத்த சிலிண்டர், தண்ணீர் ஏற்றிய மோட்டார், குருமாவுக்குத் தேங்காய் அரைத்த கிரைண்டர் எல்லாம் சேர்ந்துதான் அந்த டிரம்மில் கிடக்கிறது.

சாப்பிட்டுவிட்டு, மகன் மறந்துவிட்ட ரெக்கார்டு நோட்டை எடுக்க வகுப்புக்குப் போனோம். ஆளே இல்லை, ஆறு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. அணைக்கப் போனால் போர்டில் ஒரு டஜன் சுவிட்ச். எது எதற்கென்று ஒரு எழுத்து இல்லை. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துத்தான் நிறுத்தினேன். சாதாரண ஃபேன் ஒன்று 75 வாட். ஆறும் சேர்ந்து 450. சாயங்காலம் 4 மணியிலிருந்து மறுநாள் காலை 9 வரை ஓடினால் ஏழரை யூனிட்டுக்கு மேல். எங்கள் வீட்டில் ஒரு நாள் முழுக்க ஆவதே அவ்வளவுதான்! இப்போது வருகிற பி.எல்.டி.சி. ஃபேன் அதே காற்றை 30 வாட் அளவில் தருகிறது. விலை கூடுதல் என்பதால் ஒரே நாளில் மாற்ற முடியாது, புரிகிறது. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நம்பர் எழுத என்ன செலவு?

ரெண்டு மாசத்தில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுமோ என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருக்கும் வீடுகளிலிருந்து போன பிள்ளைகள்தான் இவர்கள். அங்கே பில் நேராக ஆபீஸுக்குப் போகிறது. எந்த பிளாக் எவ்வளவு எரித்தது என்று காட்ட தனி மீட்டரும் இல்லை. கண்ணில் படாத பில்லுக்கு யார் பயப்படுவார்கள்?

மெஸ்ஸுக்குப் பின்னால் துருப்பிடித்த சாண எரிவாயுக் கலன் ஒன்றும் கிடக்கிறது. ரிப்பன் வெட்டிய வருஷம் நன்றாக எரிந்ததாம். "செமஸ்டர் லீவுல ரெண்டு மாசம் தீனி போட ஆள் இல்லம்மா. செத்துப் போச்சு" என்றார் மாஸ்டர். அவர் சொன்னது சரிதான். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் மாடு மாதிரி. தினமும் தீனி வேண்டும், எலுமிச்சைத் தோலாகக் கொட்டி வயிற்றைப் புளிக்க வைக்கவும் கூடாது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனியாகக் கணக்கில் வைத்து, மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவம் செய்யச் சொன்னது 2016-ல் வந்த திடக்கழிவு விதி. நானூறு பேரில் ஆளுக்குக் கால் கிலோ என்றாலே 100 கிலோ ஆகிவிடுகிறது. கலனை மறுபடி ஓடவைப்பது நல்லதுதான். ஆனால், வடிக்கவே வேண்டியிராத சோற்றைக் கேஸ் செலவழித்து வடித்து, மறுபடி கேஸாக்குவதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை.

கிளம்பும்போது வார்டனைப் பார்த்தேன். நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு நாளுக்கு மெஸ் கட் கொடுத்தா, மாஸ்டர் சம்பளம் குறையுமா மேடம்? அது இருக்கிறவங்க தலைலதானே ஏறும்?" என்றார். அதுவும் உண்மை. சம்பளம், கேஸ், கரன்ட்டை எல்லோருக்கும் சமமாகப் போட்டுவிட்டு, மளிகை காய்கறிக் கணக்கை மட்டும் சாப்பிட்ட நாளுக்குப் பிரித்தால்? பேனாவைத் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஒரு மாசம் பார்க்கலாம்" என்றார்.

அடுத்த வாரமே மெஸ் வாசலில் நோட்டு கட்டிவிட்டார்கள். வியாழன் ராத்திரி எட்டு மணிக்குள், வார இறுதியில் ஊருக்குப் போகிறவர்கள் பெயர் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் மாஸ்டர் வெள்ளிக்கிழமை அரிசி அளப்பார். முதல் வாரம் தயிர் சாதம் சீக்கிரமே தீர்ந்துபோய், கடைசியாக வந்தவர்களுக்கு உப்புமா கிண்டிப் போட்டாராம். கொஞ்சம் சத்தம் கேட்டதாம். அந்த வாரம் சோற்று டிரம்மில் பாதிதான் இருந்தது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபடியே மகன் சொன்னான்.

"நீ நோட்டுல பேர் எழுதிட்டுத்தானே வந்தே?" என்று கேட்டேன்.

"ஐயோ... மறந்துட்டேம்மா!"