ஒட்டிய ஒலியும் ஒப்பமிட ஆளில்லாச் சான்றிதழும்

விபோர் கர்க் எதிர் நேஹா வழக்கில் 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, வாழ்க்கைத்துணை அறியாமல் பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடலையும் மணமுறிவு வழக்கில் சான்றாக முன்வைக்கலாம் என்று அறுதியிட்டு, அதற்கு மாறாகப் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2021இல் பிறப்பித்த ஆணையை நீக்கிவிட்டது. தீர்ப்பில் அந்தரங்க உரிமை பற்றிய பகுதியே எங்கும் பேசப்பட்டது. தாலுகா நீதிமன்றங்களில் தொழில் புரிவோரை உடனடியாகத் தொடுவதோ வேறொன்று. உரையாடலைக் கொண்டுவரலாம் என்று வாசல் திறந்த பின், அது எந்த வடிவில் வரவேண்டும் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவும், அதன் அட்டவணையிலுள்ள சான்றிதழ்ப் படிவமுமே முடிவு செய்கின்றன. இணையதளங்களில் பல ஒலிக்கோப்புகளை ஒரே தடமாக ஒட்டித் தாக்கல் செய்யும் பழக்கம், அந்தப் படிவத்தின் முன் வந்து நிற்கும்போது வழக்கையே கவிழ்த்துவிடக்கூடியதாகிறது.

பொள்ளாச்சி வட்டாரத்தில் தேங்காய், கொப்பரை வியாபாரத்தின் விலையும் முன்பணமும் தவணையும் இன்று பல வேளைகளில் வாட்ஸ்அப் குரல் செய்திகளிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. பண வழக்காயினும் ஜீவனாம்ச மனுவாயினும் கட்சிக்காரர் கொண்டுவருவது முழுமையான ஒரு பதிவையன்று. பத்து நொடி, நாற்பது நொடி, இரண்டு நிமிடம் என்று சிதறிக் கிடக்கும் துணுக்குகளையே. வீட்டிலுள்ள கல்லூரி மாணவர் ஒருவர் அவற்றை இலவசத் தளமொன்றில் ஏற்றி, வரிசைப்படுத்தி, இடையிலுள்ள மௌனத்தை நறுக்கி, ஒரே எம்பி3 கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுத் தந்துவிடுகிறார். நீதிபதி முன் ஒரே மூச்சில் ஒலிக்கச் செய்யலாம், எழுத்துப்படி தயாரிப்பது எளிது, படிவத்தில் ஒரே ஹாஷ் (கோப்பின் அடையாள மதிப்பு) எழுதினால் போதும் என்பதால் வழக்கறிஞரும் குமாஸ்தாவும் அதை ஏற்றுக்கொள்கின்றனர். அசல் துணுக்குகளோ அடுத்த கைபேசி மாற்றத்தோடு போய்விடுகின்றன. ஐந்து புரோநோட்டுகளை ஒரே தாளில் படியெடுத்துக்கொண்டு அசல்களைக் கிழித்துவிட்டு வரும் கட்சிக்காரரை எந்த வழக்கறிஞரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். ஒலியில் அதே காரியத்தைத் தடுக்க எவரும் முனைவதில்லை.

ஒட்டும்போது நிகழ்வது வெறும் கோர்ப்பு அன்று. வாட்ஸ்அப் குரல் செய்தி ஓபஸ் என்னும் சுருக்கமுறையில் சேமிக்கப்படுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அதன் கோப்புப் பெயரிலேயே ஆண்டு, மாதம், தேதி, அந்நாளைய வரிசை எண் ஆகியவை இடம்பெறுகின்றன. வரிசை எண் 3, 4, 7 என்று வருமாயின், 5உம் 6உம் எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். அவை வேறு எவரேனும் அனுப்பிய செய்திகளாக இருக்கக்கூடும், அப்படியென்று கைபேசியைக் காட்டியே விடையளித்துவிடலாம். ஒட்டிய தடத்தில் அந்தக் கேள்விக்கும் இடமில்லை, விடைக்கும் இடமில்லை. மேலும், பெரும்பாலான தளங்கள் துணுக்குகளை விரித்து மீண்டும் வேறொரு முறையில் சுருக்குவதால், மூல ஒலியின் நுண்கூறுகள் இழக்கப்படுகின்றன. மின்கருவிகளின் அருகே பதிவான ஒலியில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்ட முனகல் மெல்லிதாகப் படிந்திருக்கும். அதன் தொடர்ச்சி எங்கே அறுகிறது என்று பார்த்தே தடய ஆய்வாளர் வெட்டை அடையாளம் காண்பார். இணைத்தவர் எவ்வளவு நேர்மையாளராயினும் ஒவ்வொரு ஒட்டும் அங்கே வெட்டாகவே தெரியும். எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளால் மறுசுருக்கமின்றிக் கோர்க்க முடியும் என்பது உண்மையே. ஆனால் அப்போதும் பிறப்பது புதிய கோப்பு. கோப்பின் ஒவ்வொரு துகளையும் கணக்கிட்டுக் கிடைக்கும் அடையாள மதிப்பே ஹாஷ் என்பதால், எஸ்ஹெச்ஏ256 முறையில் வரும் 64 எழுத்துகளில் மூலத்தின் சாயல்கூட எஞ்சாது.

சட்டத்தின் நிலை இதைவிடத் தெளிவானது. ஒரு மின்னணுப் பதிவு பல கோப்புகளாக ஒரே நேரத்திலோ அடுத்தடுத்தோ உருவானால் ஒவ்வொரு கோப்பும் முதன்மைச் சான்று என்று 57ஆம் பிரிவின் 4ஆம் விளக்கம் கூறுகிறது. ஆகவே துணுக்குகள் சிதறிக் கிடப்பது குறையன்று, அதுவே கட்சிக்காரரின் பலம். அன்வர் எதிர் பஷீர் வழக்கில் (2014) தேர்தல் பேச்சுகளும் பாடல்களும் அறிவிப்புகளும் வேறு கருவிகளில் பதியப்பட்டு, கணினியில் ஏற்றப்பட்டு, அங்கிருந்து குறுந்தகடுகளாக ஆக்கப்பட்டதும், சான்றிதழின்றி அவை தள்ளப்பட்டதும், மூலத் தகடுகளே வந்திருந்தால் நிலைமை வேறாயிருக்கும் என்று நீதிமன்றம் சொன்னதும் இங்கு நினைக்கத்தக்கவை. ராம் சிங் வழக்கில் (1985) வகுக்கப்பட்ட நிபந்தனைகளில், பதிவின் எப்பகுதியும் அழிக்கப்படவோ திருத்தப்படவோ இல்லை என்று காட்டவேண்டும் என்பதும் ஒன்று. மௌனம் நறுக்கப்பட்ட தடத்தை வைத்துக்கொண்டு அதைக் காட்ட எவராலும் இயலாது. இணையதளத்தின் கணினியும் ஒரு கணினி வளமே, 63(3) அதையும் ஒரே கணினியாகவே கருதுகிறது என்று சிலர் வாதிடுவர். ஆனால் படிவத்தின் முதற்பகுதியில் ஒப்பமிடுபவர், அக்கருவி தம்முடைய சட்டப்படியான கட்டுப்பாட்டில் இருந்தது, முறையாக இயங்கியது என்று உறுதியளிக்கிறார். எந்த நாட்டில் இருக்கிறதென்றே தெரியாத தளத்துக்காகப் பொள்ளாச்சிக் கட்சிக்காரர் அந்த உறுதியைத் தருவது பொய்ச்சான்றுக்கு நெருங்கியது.

எனவே இவ்விதழின் நிலைப்பாடு ஐயத்துக்கு இடமற்றது. ஒட்டிய தடம் சான்றாவணமாகக் குறியிடப்படக் கூடாது. துணுக்குகள் தனித்தனியே, தத்தம் ஹாஷ் மதிப்புடன் தாக்கலாக வேண்டும். கைபேசி பத்திரமாக வைக்கப்பட வேண்டும். நீதிமன்றத்தில் கேட்பதற்கு வசதியாக ஒரு தொடர்தடம் தேவையானால், இணையத்தை நாடாமல் அலுவலகக் கணினியிலேயே, மௌனத்தை நறுக்காமல் அதை உருவாக்கி, கேட்பு நகல் என்று பெயரிட்டு, எந்தக் கோப்பு எந்த நிமிடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணையுடன் இணைக்கலாம்.

இவ்வாறு எழுதிவிடுவது எளிது. இதன்படி நடக்கத் துணியும் வழக்கறிஞர் அடுத்த படியிலேயே தடுக்கி விழுகிறார் என்பதைத்தான் அதிகாரத்திலிருப்போர் காண மறுக்கின்றனர். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழில் கருவிக்குப் பொறுப்பானவர் ஒப்பமிட்டால் போதுமாயிருந்தது. புதிய படிவத்துக்கு இரண்டாம் பகுதி உண்டு. அதில் ஒரு நிபுணர் ஒப்பமிட வேண்டும். அந்த நிபுணர் யார் என்று 63(4) விளக்கவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஏ பிரிவின்கீழ் அறிவிக்கப்படும் மின்னணுச் சான்று ஆய்வாளரை நிபுணர் என்று சாக்ஷிய அதினியத்தின் 39ஆம் பிரிவு கூறுவதால், அவரையே நாட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2024 அக்டோபர் 30 அன்று அளித்த தீர்ப்பு இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி, தமிழ்நாட்டுக்குப் போதிய நிபுணர்களை மூன்று மாதத்துக்குள் அறிவிக்குமாறு மத்திய மின்னணு–தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஆணையிட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து நான்கு மாதம் கழித்து, ஒரு நீதிபதி சொல்லித்தான் ஓர் அமைச்சகத்துக்கு இது நினைவூட்டப்பட வேண்டியிருந்தது என்பதே பொறுக்க முடியாதது.

அறிவிக்கப்படும் நிபுணர் சென்னையில் அமர்ந்தால் வால்பாறைத் தோட்டத் தொழிலாளிக்கு எதுவும் மாறாது. கணவன் அனுப்பிய மிரட்டல் செய்திகளைக் கைபேசியில் வைத்திருக்கும் பெண், மலையிறங்கிப் பொள்ளாச்சி வந்து, அங்கிருந்து 40 கிலோமீட்டர் கோவைக்குச் சென்று, பின் 500 கிலோமீட்டர் தாண்டிப் போய், கூலியிழந்து, கட்டணம் செலுத்தி ஒப்பம் பெற வேண்டும் என்று எதிர்பார்ப்பது நீதியை அணுகும் உரிமையையே மறுப்பதாகும். அரசுத் தடய அறிவியல் கூடங்கள் காவல் துறையும் நீதிமன்றமும் அனுப்பும் பொருள்களை ஆய்வதற்கென அமைந்தவை. தனிக் கட்சிக்காரருக்கு அவற்றின் வாசல் திறப்பதில்லை. பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தபோது, மின்னணுச் சான்றுகளின் வலிமை ஊர் முழுவதும் உணரப்பட்டது. ஆனால் அங்கே மத்தியப் புலனாய்வுத் துறையும் ஆய்வுக்கூடங்களும் பின்னணியில் இருந்தன. அந்த வலிமை அரசு நடத்தும் வழக்குக்கு மட்டும் உரியதாகவும், சொந்தக் காசில் வழக்காடுபவருக்கு எட்டாததாகவும் இருக்குமாறு ஒரு படிவத்தை எழுதியவர்கள், தாலுகா நீதிமன்றம் ஒன்றின் தாக்கல் பிரிவில் ஒரு முற்பகல்கூட நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

இதில் மேலும் வருந்தத்தக்கது, ஹாஷ் கணக்கிடுதல் அரிய கலையே அன்று என்பதுதான். விண்டோஸ் கணினியில் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டளையால் ஒரு குமாஸ்தா நொடிகளில் அதைச் செய்துவிடலாம். ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர், ஒரு கணினி, ஒரு பதிவேடு ஆகியவற்றுடன் சிறு பிரிவொன்றை அமைத்து, கைபேசியிலிருந்து கோப்புகளை மாற்றமின்றி நகலெடுத்து, ஹாஷ் குறித்து, ஒப்பமிட்டுத் தரும் அதிகாரத்தை அரசு அளித்தால், உடுமலையிலும் வால்பாறையிலும் பொள்ளாச்சியிலும் எவரும் ஒட்டும் தளங்களை நாட வேண்டியிருக்காது. துணுக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் நிபுணரின் வேலையும் கட்டணமும் குறையும் என்ற கணக்கும் ஒட்டும் பழக்கத்தை வளர்ப்பதால், அப்பழக்கத்துக்கான பொறுப்பில் பெரும்பங்கு கட்சிக்காரரைவிட இந்தப் பிரிவை அமைக்காதவர்களையே சாரும்.

அதுவரை வழக்கறிஞர்களின் கையில் ஒரு வழி இருக்கிறது. அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் சான்றிதழ் கட்டாயம் என்று கூறிய அதே மூச்சில், விசாரணை முடியும் முன் எக்கட்டத்திலும் அதைத் தாக்கல் செய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றும், முயன்றும் பெற இயலாதவரை இயலாததைச் செய்யுமாறு சட்டம் கட்டாயப்படுத்தாது என்றும் கூறியது. அத்தீர்ப்பு எழுந்தது பழைய பிரிவின்கீழ் ஆயினும், அதன் தர்க்கம் புதிய படிவத்தின் இரண்டாம் பகுதிக்கும் பொருந்தும். முதற்பகுதியை முழுமையாக நிரப்பி, கைபேசியின் மாதிரி, நிறம், ஐஎம்இஐ எண் ஆகியவற்றுடன் ஒவ்வொரு துணுக்கின் பெயரையும் ஹாஷையும் பட்டியலிட்டு, கைபேசியை நீதிமன்றம் பார்வையிட முன்வைத்து, நிபுணரை நியமிக்கக் கோரும் மனுவையும் முதல் நாளிலேயே தாக்கல் செய்துவிட வேண்டும். மனு தள்ளுபடியாகுமானால், அந்தத் தள்ளுபடி ஆணையின் சான்றிட்ட நகல் மேல்முறையீட்டில் முதல் ஆவணமாக நிற்கும்.