உரைத்தறிந்து தீர்ப்புரைக்க!

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறைகளிற் கொலுசுக்கு வெள்ளி வாங்குவோர், பளபளப்பை நம்பி விலை பேசுவதில்லை. உரைத்தும் நிறுத்தும் பார்த்தே தரங் கூறுவர். சிலம்பினுள் இருப்பது முத்தோ மாணிக்கமோ என ஆராயாது, பொற்கொல்லன் சொல்லொன்றையே நம்பிக் கோவலனைக் கொல்வித்த பாண்டியன் கதையறிந்த தமிழர்க்கு இந்நெறி புதிதன்று.

ஆயினும், கல்லூரி விளையாட்டு வீரனொருவன்மேற் குற்றச்சாட்டு எழுங்கால் ஊர் இரு கூறாகின்றது. ஒரு கூறு அன்றே தண்டிக்கத் துடிக்கின்றது. மறு கூறு அவன் வென்ற கோப்பைகளைக் காட்டிக் காக்க முனைகின்றது. இவ்விரண்டின் கேட்டையும் அமெரிக்க வழக்குகள் இரண்டு காட்டும்.

2006-இல் தியூக்குப் பல்கலைக்கழகப் பந்தாட்ட வீரர் மூவர்மேல் வன்புணர்ச்சிக் குற்றஞ் சாட்டப்பெற்றது. வேற்றாடவரைச் சுட்டிய மரபணு ஆய்வு முடிவை அரசு வழக்கறிஞர் மறைத்தார். 2007-இல் மூவரும் குற்றமற்றவரென அறிவிக்கப்பெற்றனர். அவ்வழக்கறிஞர் தொழிலுரிமையை இழந்தார்.

2015-இல் இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழக நீச்சல் வீரனொருவன், உணர்விழந்து கிடந்த பெண்ணுக்குக் கொடுமை இழைத்தான். மிதிவண்டியில் வந்த மாணவர் இருவர் நேரிற் கண்டு அவனைப் பிடித்தனர். 2016-இற் குற்றம் மெய்ப்பிக்கப்பெற்றும் 6 மாதச் சிறையே விதித்த நடுவரை, மக்கள் 2018-இல் வாக்களித்து நீக்கினர்.

முன்னதிற் சான்று மறைக்கப்பட்டது. பின்னதிற் சான்று இருந்தும் தண்டனை மெலிந்தது. எனவே, பெண்ணின் முறையீட்டை எள்ளாது உடனே பதிந்து ஆராய்க. சான்று தேறுமுன் எவனையும் குற்றவாளி என்னற்க. தேறியபின் எவன் புகழுக்கும் வளையற்க. வெள்ளிக்கு உள்ள உரைகல், மாந்தன் மானத்துக்கும் உயிருக்கும் இல்லாதொழியலாமோ?