பழைய மோட்டார்ச் சைக்கிளின் முன் பிறேக்

பழைய மோட்டார்ச் சைக்கிள்களைப் பற்றிப் பேச்செழுமிடத்து, "ஓட்டம் நல்லது, பிறேக்குத்தான் கூடாது" என்பார் பலர். 1948இல் வெளிவந்த பி.எஸ்.ஏ. பாண்டம் முதலிய வண்டிகளை இன்றும் பேணி வைத்திருப்போருட் சிலர், இதனை விதியென ஏற்று முன் பிறேக்கைத் தொடாமலே ஓட்டுகின்றனர். வண்டியை நிறுத்துங்காற் பாரம் முன்சில்லின்மேற் சாய, பின்சில்லு இலேசாகி வழுக்கும். ஆதலின் முன் பிறேக்கைக் கைவிடுதல் உயிருக்கு ஊறு தேடுவதாகும். பழி கம்பிக்குரியதன்று; அதனைப் பேணாதார்க்கே உரியது என்பது எனது துணிபு.

அக்கம்பியின் அமைப்பை நோக்குக. உருக்குப் புரிகள் பல சேர்த்து முறுக்கிய வடம் உள்ளே. உருக்குக் கம்பியை நெருங்கச் சுற்றிய சுருளுறை வெளியே. பௌடன் என்பார் 1896இல் இங்கிலாந்திற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கைப்பிடியை அழுத்த வடம் இழுபடும் என்பதைச் சிறுவரும் அறிவர். அவ்வளவு விசையோடு உறையும் நெருக்குண்ணும் என்பதைப் பெரியோரும் எண்ணுவதில்லை. உறை இரு முனையிலும் அசையாது ஊன்றி நின்றாலன்றி இழுப்புச் சில்லைச் சென்றடையாது. உறையைக் கூரிய வளைவாக மடித்துக் கட்டினாலோ, கையின் வலிமையிற் பெரும்பங்கு உராய்வினால் வழியிலேயே வீணாகும்.

வடத்தின் மறுமுனை ஒரு சிறு நெம்புகோலைத் திருப்ப, அதனோடிணைந்த தட்டை முனையச்சு இரண்டு பிறேக்குச் சூக்களை விரித்து, சில்லின் நடுவேயுள்ள டிரம்மின் உட்சுவரில் அழுத்துகின்றது. பாண்டத்தின் முதல் வண்டிகளில் அந்த டிரம்மின் விட்டம் 5 அங்குலமே. சுழலும் டிரம் ஒரு சூவைத் தன்பால் மேலும் இழுத்துக்கொள்ளும், மற்றதைத் தள்ளிவிடும். பிறேக்குப் பிடிக்கும் வேளையில் நெம்புகோலும் வடமும் ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்றல் வேண்டும். லைனிங் தேயத் தேயப் புதியது போடாது திருகாணியையே நீட்டிக்கொண்டு போனால், நெம்புகோல் செங்கோணத்தைக் கடந்துவிட, இழுப்பிருந்தும் திருப்பம் குறையும். பௌதிகப் பாடத்தில் இவ்விதியைப் படத்தோடு பிழையற எழுதும் மாணவன், தன் வீட்டு விறாந்தையில் நிற்கும் வண்டியில் அதனைக் காணாதிருப்பது நம் கற்பித்தலுக்கு இழுக்கன்றோ?

தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவாருமுளர். வடம், புரி, உறை, உராய்வு எனச் சொல் நம்மிடம் நிரம்ப உண்டு. சூ, லைனிங் எனக் கராச்சில் வழங்குவனவும் எனக்கு உடன்பாடே. எவர்க்கும் விளங்காத புத்தாக்கச் சொல்லிலும் அவை மேல்.

வடம் அறுவது பெரும்பாலும் கைப்பிடியருகே, ஈயம் வைத்துப் பற்றவைத்த குமிழின் அடியிலேயாம். குமிழ் தன் குழியில் இறுகிவிடின், அழுத்துந்தோறும் வடம் அவ்விடத்தே மடிந்து நிமிரப் புரிகள் ஒவ்வொன்றாய் அறும். ஒரு புரி அறுந்திருக்கக் கண்டாலே வடத்தை மாற்றுதல் வேண்டும். அதுவரை காவாதிருக்கக் குமிழுக்கு ஒரு துளி எண்ணெய் போதும்.

1969இல் ஹொண்டா சீபீ 750 எண்ணெயழுத்தத்தால் இயங்குந் தட்டுப் பிறேக்கோடு வந்தது. அதன் சிறப்பை யான் மறுக்கவில்லை. ஆயினும் வட வண்டிகள் தெருவை விட்டு நீங்கிவிடவில்லை.

யூபிலி நினைவாகக் கல்வெட்டு நாட்டுவது பற்றிப் பேசும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். பழைய முன்சில்லொன்றை வடத்தோடும் கைப்பிடியோடும் ஆய்வுகூட மேசையிற் பொருத்தித் தருக. உறையின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, கைப்பிடியை அழுத்திப் பார்க்கும்படி மாணவரிடம் முதலிற் கூறலாம்.