அறுபதாங் கலியாணமும் முதுமைக்கால வாழ்வும்

மனிதன் மற்ற எந்தக் காரியத்தில் பகுத்தறிவைச் செலுத்தினாலும், வயது முதிர்ந்த காலத்தில் தான் எப்படி வாழ்வது என்கின்ற ஒரு காரியத்தில் மாத்திரம் அதைக் கிட்டவே சேர்ப்பதில்லை. வாலிபத்தில் எதையும் ஏன், எதற்கு என்று கேட்டுவந்த தோழர்கள்கூட, அறுபதை நெருங்கியவுடன், பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், சம்பந்தி வீட்டார் எதிர்பார்க்கிறார்கள், ஊரார் என்ன சொல்லுவார்கள் என்பதாகச் சமாதானம் சொல்லிக்கொண்டு புரோகிதனுடைய மணையில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆகவே இவ்வாரம் அறுபதாங் கலியாணம் என்னும் சடங்கைப்பற்றியும், அதை விட்டொழித்துவிட்டு முதுமையில் எளிமையாகவும் மானத்தோடும் எப்படி வாழலாம் என்பதைப்பற்றியும் சில வார்த்தைகள் எழுத முன்வருகின்றோம்.

அறுபது என்பது என்ன கணக்கு?

முதலாவது, அறுபது என்கின்ற எண்ணுக்கு என்ன பெருமை என்று பார்ப்போம். பிரபவ முதல் அட்சய வரையிலுள்ள அறுபது வருஷப் பெயர்களும் ஒரு சுற்றுச் சுற்றி, பிறந்த வருஷத்தின் பெயரே திரும்ப வருவதால் அது விசேஷம் என்கிறார்கள். அந்த அறுபது பெயர்களும் எப்படி வந்தன என்று கேட்டால், நாரதர் பெண்ணாக மாறிக் கிருஷ்ணனைக் கூடி அறுபது பிள்ளைகளைப் பெற்றார் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். இந்தக் கதை நாம் கட்டியதல்ல. 1910-ல் வெளிவந்த அபிதான சிந்தாமணியிலேயே அச்சாகி இருக்கின்றது. இரண்டு ஆண்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் பெயரை வயதுக் கணக்காக வைத்துக்கொண்டு, பேரன் பேத்திகள் பார்க்கக் கிழவனும் கிழவியும் மாலை மாற்றிக்கொள்வதில் பெருமை என்ன இருக்கிறது?

அறுபதுக்கு வானநூலில் ஒரு காரணம் இல்லாமலில்லை. வியாழன் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 12 வருஷமும், சனி ஏறக்குறைய 30 வருஷமும் ஆகின்றன. ஆகவே வியாழன் ஐந்து முறையும் சனி இரண்டு முறையும் சுற்றிவருவதற்குள் சுமார் அறுபது வருஷமாகிவிடுகிறது. ஆகாயத்தைப் பார்த்துக் கணக்கெடுத்த பழங்காலத்து மனிதனுடைய கெட்டிக்காரத்தனம் அது. அந்தக் கணக்கை மறைத்துவிட்டு, அதன்மேல் கதையையும் தட்சணையையும் ஏற்றிவைத்ததுதான் புரோகிதத்தின் வேலை.

இனி இச்சடங்கிற்குப் பேர்போன திருக்கடையூருக்கு வருவோம். மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள அந்த ஊரில், பதினாறு வயதில் சாகவேண்டிய மார்க்கண்டனுக்காகச் சிவன் எமனைக் காலால் உதைத்துக் கொன்றாராம். அதனால் அங்கே சென்று அறுபதிலும், எழுபதிலும், எண்பதிலும் சடங்கு செய்துகொண்டால் ஆயுள் நீளுமாம். எமனைத்தான் கொன்றாகிவிட்டதே, அப்புறமும் மக்கள் ஏன் சாகிறார்கள் என்று கேட்டால், எமன் இல்லாமல் பூமிக்குப் பாரம் அதிகமாகிவிட்டதால் சிவனே அவனை மறுபடியும் எழுப்பிவிட்டார் என்று அதே புராணம் சொல்லுகிறது. அப்படியானால் இன்றைக்கு எமன் உயிரோடுதான் இருக்கிறான் என்றாகிறது. உயிரோடு இருக்கிறவனிடத்தில் தப்புவதற்குச் செத்த இடத்தில் போய் ஓமம் வளர்ப்பானேன்?

உண்மையில் ஆயுளை நீட்டியது எது? 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தையின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷந்தான். குழந்தைகள் கூட்டங்கூட்டமாய்ச் செத்ததே இதற்கு முக்கிய காரணம். இன்றைக்கோ அது ஏறக்குறைய எழுபதாகிவிட்டது. இந்த இடைக்காலத்தில் ஓமமும் மந்திரமும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. நல்ல குடிதண்ணீரும், அம்மைப் பாலும், பெனிசிலின் போன்ற மருந்துகளும், பிரசவ ஆஸ்பத்திரிகளும் வந்தன. எந்த மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றியும் தீராத பெரியம்மை, 1980-ல் உலகத்திலேயே இல்லையென்று அறிவிக்கப்பட்டுவிட்டது. அறுபது வயதுவரை உயிரோடிருந்ததற்கு நன்றி சொல்லவேண்டுமானால், ஊசி போட்ட நர்சம்மாளுக்கும், தெருவைக் கூட்டிய தொழிலாளிக்கும் அல்லவா சொல்லவேண்டும்?

செலவு யாருக்கு, வரவு யாருக்கு?

பணமுள்ளவன் தன் பணத்தைச் செலவழித்துக்கொண்டு போகட்டும், உமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். பணமுள்ளவன் செய்வதைப் பார்த்துப் பணமில்லாதவனும் செய்யவேண்டியதாகிவிடுகிறது என்பதுதான் நமது கவலை. நாம் பிரசாரத்திற்குச் சென்ற ஒரு சிற்றூரில், கூட்டம் முடிந்தபின் ஒரு தறி நெசவுத் தோழர் வந்து, தன் மூன்று பிள்ளைகளும் ஆளுக்கொரு கடன் வாங்கித் தனக்கு அறுபதாங் கலியாணம் செய்துவைத்ததாகவும், அதற்குப் பின் அந்தக் கடனைப்பற்றி வீட்டில் சண்டை நடக்காத நாள் இல்லையென்றும், பந்தியில் சாப்பிட்டவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து விசாரிக்கவில்லையென்றும் சொன்னார். “சாப்பாடும் மேளமும் ஒரு நாள், வட்டி நாலு வருஷம்” என்பது அவர் வார்த்தை. இதைவிடக் கணக்காக நாம் எழுத முடியாது.

புரோகிதனையும் கோயிலையும் மாத்திரம் குறை சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நம்மவர்களிலும் பலர், ஓமத்தை எடுத்துவிட்டு மணிவிழா என்று பெயர் வைத்துக்கொண்டு, ஆளுயரப் படமும், சந்துக்குச் சந்து சுவரொட்டியும், தலைக்குமேல் மாலையும், பட்டாசும், பிரியாணியுமாகக் கொண்டாடுகிறார்கள். மந்திரத்திற்குப் பதில் மைக்கும், தட்சணைக்குப் பதில் பொன்னாடையும் வந்துவிட்டால் அது சீர்திருத்தமாகிவிடுமா? உழைத்து வாழ்ந்த ஒருவரைப் பத்துப் பேர் கூடிப் பாராட்டுவது தப்பல்ல. அந்தப் பாராட்டில்லாவிட்டால் தான் ஒன்றுமில்லை என்று ஒருவர் நினைக்கும்படி ஆகிவிட்டால் அது சுயமரியாதை ஆகாது.

எளிமை எது, எளிமை அல்லாதது எது?

எளிமையாய் வாழுங்கள் என்று நாம் சொன்னவுடன், பழைய வைதீகர்கள் தாங்கள் சொன்னதையே நாமும் சொல்லுகிறோம் என்று மகிழ்ச்சியடைய வேண்டாம். தோல் சுருங்கி, மயிர் நரைத்து, பேரனையும் கண்டபின் காட்டுக்குப் போ என்பது மனுதர்மம். பெண்ணுக்கோ அதுகூட இல்லை. இளமையில் தகப்பனுக்கும், பருவத்தில் கணவனுக்கும், கடைசியில் பிள்ளைக்கும் அடங்கிக் கிட என்பது அதே மனுவின் கட்டளை. இது எளிமையாகாது. ஆணை வீட்டைவிட்டுத் துரத்துவதும், பெண்ணை வீட்டிற்குள்ளேயே பூட்டுவதுமாகும்.

கணவனை இழந்த கிழவிக்கு வெள்ளைச் சேலையும், பூவற்ற தலையும், ஒரு வேளைச் சோறும் கொடுத்து, எவ்வளவு எளிமை பார்த்தீர்களா என்று மெச்சுகிறார்களே, அதுவும் எளிமையல்ல, தண்டனை. எழுபது வயதுப் பெண்மணிக்குச் சிவப்புச் சேலை பிடித்திருந்தால் அதை உடுத்திக்கொள்ளட்டும். பூ வைக்க ஆசையிருந்தால் வைத்துக்கொள்ளட்டும். தானே வேண்டாமென்று விட்டால்தான் எளிமை. பிறர் பிடுங்கிக்கொண்டால் கொள்ளைதான்.

அதுபோலவே, ஏழைக்கு எளிமையை உபதேசம் செய்வதும் பெரிய புரட்டாகும். விடுவதற்கு எதுவுமில்லாதவனிடம் போய் ஆசையை விடு என்பதற்கு என்ன அர்த்தம்? 1889-ல் ஜெர்மனியும், 1908-ல் இங்கிலாந்தும் முதியோருக்குப் பணம் கொடுக்கச் சட்டம் செய்தன. இங்கிலாந்தில் எழுபது வயதானவருக்கு வாரத்திற்கு 5 ஷில்லிங் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2023-ல் முதியோர் உதவித் தொகை மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லதுதான். ஆனால் நாள் ஒன்றுக்கு அது 40 ரூபாய். வயலில் நாற்று நட்டே இடுப்பொடிந்த கிழவிக்கு வேண்டியது எளிமையைப்பற்றிய உபதேசமா, இன்னும் கொஞ்சம் அதிகமான பணமா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும். ஆகவே நாம் எளிமையைச் சொல்வது, இருந்தும் போதவில்லையென்று அலைகின்றவர்களுக்கே.

அப்படிப்பட்டவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றி ஒரு தடவை பார்க்கட்டும். பரணில் துருப்பிடித்த அண்டாக்கள், பெட்டியில் பத்து வருஷமாய் உடுத்தாத பட்டு, பூட்டிவைத்து வாடகை கட்டும் நகை, விருந்தாளிக்கென்று மூடிவைத்த அறை. இவையெல்லாம் யாருக்காக? இவற்றைத் துடைக்கவும், காக்கவும், எண்ணவும், இவற்றிற்காகப் பிள்ளைகளைச் சந்தேகிக்கவுமே முதுமை போய்விடுகிறது. காற்றோட்டமான ஓர் அறை, வழுக்காத கழிப்பிடம், நாலு மாற்றுத் துணி, பல்லுக்கேற்ற உணவு, மூக்குக்கண்ணாடி, தினசரிப் பத்திரிகை, பேச இரண்டு நண்பர்கள் இவையிருந்தால் வயதான மனிதனுக்கு வேறென்ன குறை?

நரையும் மானமும்

பொருளைக் குறைத்தாலும், தன் உடம்பைப் பார்த்துத் தானே வெட்கப்படும் குணம் பலரை விடுவதில்லை. நரை என்பது மயிர்க்காலில் நிறத்தை உண்டாக்கும் அணுக்கள் ஓய்ந்துபோவதால் ஏற்படும் மாறுதல். அதில் பாவமுமில்லை, கிரகமுமில்லை. அதை மறைக்கப் பூசுகின்ற கறுப்புச் சாயங்கள் பலவற்றிலுள்ள பாராபினைலின்டையமின் என்கின்ற இரசாயனம் சிலருக்கு முகம் வீங்கும்படியான ஒவ்வாமையை உண்டாக்குகிறது. ஆசைக்கு ஒருவர் சாயம் பூசினால் நாம் குறுக்கே நிற்கவில்லை. பயத்திற்குப் பூசவேண்டாம் என்றுதான் சொல்லுகிறோம். காது கேட்கவில்லையென்றால் கேட்கவில்லை என்று சொல்லிக் கருவி வைத்துக்கொள்ளலாம். கால் தள்ளாடினால் கைத்தடி பிடிக்கலாம். இதில் மானக்கேடு என்ன இருக்கிறது?

1879-ல் பிறந்த பெரியார், கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயைச் சுமந்துகொண்டே ஊர் ஊராய்ச் சுற்றினார். 1973 டிசம்பர் 19-ல், சாவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புகூடச் சென்னைத் தியாகராய நகர்க் கூட்டத்தில் பேசினார். தன் உடம்பின் நிலையை மறைக்கவேண்டுமென்று அவர் நினைத்திருந்தால் வீட்டிற்குள்தான் கிடந்திருக்க வேண்டும். 1883-ல் பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1938-ல் தமது ஐம்பத்தைந்தாவது வயதில், திருச்சியிலிருந்து சென்னைவரை கால்நடையாய்ச் சென்ற இந்தி எதிர்ப்புப் படையில் நடந்தார். அந்த வயதுப் பெண்ணை மூலையில் உட்காரவைத்துப் பழகிய நாடு இது. செய்வதற்கு ஒரு காரியம் இருக்கின்றவருக்குத் தன் கிழத்தனத்தைப்பற்றி வெட்கப்பட நேரமிருப்பதில்லை.

செய்யவேண்டிய காரியங்கள்

அறுபது வயதில் ஓமத்திற்குப் பதில் செய்யவேண்டிய காரியங்கள் சில உண்டு. முதலாவது, சொத்து எவ்வளவு சிறியதானாலும் அதைப் பாசத்தில் மயங்கி உடனே பிள்ளைகள் பேரில் எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் போதும்; உயிரோடிருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். தானமாக எழுதித்தான் தீரவேண்டுமென்றால், தன்னைக் காப்பாற்றவேண்டும் என்கின்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்த்து எழுதுங்கள். அப்படிச் சேர்த்திருந்தால், 2007-ம் வருஷத்திய பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவின்படி அந்தத் தானத்தைச் செல்லாதென்று ஆக்க வழியிருக்கிறது. பெண்ணுக்கும் ஆணுக்கும் சமமாக எழுதுங்கள். மனைவி பேரில் தனியாகப் பணமும் இடமும் இருக்கட்டும்.

இரண்டாவது, கருமாதிக்கென்று பணம் சேர்க்கும் வழக்கத்தை ஒழியுங்கள். செத்தபின் தனக்குத் திதி கிடைக்குமோ கிடைக்காதோ என்கின்ற பயந்தான் பல கிழவர்களைப் பிள்ளைகளுக்கு அடிமையாக்குகிறது. செத்தபின் நமக்குப் பசியில்லை, பிண்டம் தேவையில்லை என்று தெரிந்துகொண்டவன் அன்றைக்கே விடுதலையடைகிறான். கண்ணையும் உறுப்புகளையும் பிறருக்குக் கொடுக்க எழுதிவையுங்கள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள். உறுப்புக் கொடுத்தவரின் உடலுக்கு அரசாங்க மரியாதை செய்வதாக 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. மோட்ச விளக்கைவிட, குருடாயிருந்த ஒருவன் கண்ணில் ஏற்றும் விளக்கு மேலானதல்லவா?

மூன்றாவது, ஓய்வு என்பதைச் சும்மாயிருப்பது என்று எண்ணாமல், படிக்கத் தெரியாத நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுப்பதோ, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதோ, வாசகசாலையைத் திறந்து வைப்பதோ ஏதாவதொன்றைச் செய்யுங்கள்.

தோழர்களே! வாழ்க்கை நமக்கு ஒரே தடவைதான். மறுபிறப்பென்று ஒன்று இருப்பதாக நம்புகிறவன் இப்பிறப்பின் கடைசிப் பாகத்தைப் பயத்திலும் பிராயச்சித்தத்திலும் கழிக்கட்டும். அப்படியில்லையென்று அறிந்த நாம், அந்தப் பாகத்தையும் யாருக்கும் பாரமாகாமலும், யாருக்கும் அஞ்சாமலும், நம் முகத்தை நாமே மதித்தும் வாழவேண்டும். ஆகையால் இவ்வருஷம் அறுபதை அடையும் தோழர்களும் தாய்மார்களும், அச்சடங்கிற்கென்று எடுத்துவைத்த பணத்தில் முதலில் தங்கள் வீட்டுக் கடனை அடைத்து, மிச்சமிருந்தால் தங்கள் கண்ணுக்கு நல்ல கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.