பள்ளி மாவட்ட எல்லையும் பொதுக்கல்வியின் கடமையும்

அமெரிக்காவில் பொதுப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் எந்தப் பொதுப்பள்ளியில் ஒரு குழந்தை சேரலாம் என்பதைக் குடும்பத்தால் கொடுக்க முடிந்த வாடகையோ வீட்டுக்கடன் தவணையோதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இதற்குக் கருவியாக இருப்பது பள்ளி மாவட்டம். தமிழ்நாட்டின் வருவாய் மாவட்டத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. ஓர் ஊரின் அல்லது சில ஊர்களின் பள்ளிகளை நடத்துவதற்கென்றே, பெரும்பாலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியத்தோடு இயங்கும் தனி உள்ளாட்சி அமைப்பே பள்ளி மாவட்டம் எனப்படுகிறது. நியூஜெர்சியில் மட்டும் இத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 600 உள்ளன. எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, நிலம் ஆகியவற்றின் மீதான சொத்து வரி பள்ளிச் செலவில் கணிசமான பங்கைச் சுமப்பதால், ஊரின் செல்வநிலை வகுப்பறைக்குள்ளும் வந்துவிடுகிறது. இந்த எல்லையை வகுத்தது சட்டம். அதன் தீங்கைக் குறைப்பதும் சட்டத்துக்கும் பொது முயற்சிக்கும் இயலும் என்பதைக் கடந்த ஐம்பது ஆண்டு வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றை அறிந்து செயல்படுவது தமிழ்க் கல்வியாளரின் பணியில் அடங்கும் என்பதே இவ்வுரையின் துணிபு.

தமிழ்நாட்டில் படித்து வந்த பெற்றோருக்கு இந்த ஏற்பாடு புதிது. அங்கு அரசுப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் ஊரின் வீட்டு வரியை நம்பியிருப்பதில்லை. சென்னையில் பணிபுரிபவருக்கும் ராமநாதபுரத்துக் கடலோரச் சிற்றூரில் பணிபுரிபவருக்கும் மாநில அரசே ஒரே ஊதிய விகிதத்தில் சம்பளம் வழங்குகிறது. ஏற்றத்தாழ்வு அங்கு தனியார் பள்ளிக் கட்டணத்தின் வழியாக நுழைகிறது. அதனால்தான் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு செய்யும் சட்டம் 2020-இல் தேவைப்பட்டது. அமெரிக்காவிலோ அதே வேலையை வீட்டு விலை செய்கிறது. கட்டண ரசீது எதுவும் கைக்கு வராததால், தரமான பள்ளியைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறோம் என்ற உணர்வே பெற்றோருக்கு எழுவதில்லை.

இந்த ஏற்பாட்டின் இயக்கத்தை டெக்ஸாஸின் சான் அன்டோனியோ நகரில் அருகிருந்து காணலாம். அந்நகரின் மேற்குப் பகுதியில் மெக்சிகோ வழி வந்த தொழிலாளர் குடும்பங்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த எட்ஜ்வுட் மாவட்டமும், வசதி படைத்தோர் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் மாவட்டமும் ஒரே நகர்ப்பரப்பில் அடங்கியவை. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். சுற்றுவட்டாரத்திலேயே அதுதான் மிக உயர்ந்த விகிதம். அலமோ ஹைட்ஸ் மக்கள் செலுத்தியது 85 சென்ட் மட்டுமே. ஆயினும் உள்ளூர் வரியிலிருந்து மாணவர் ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, மத்திய அரசுகளின் உதவியைச் சேர்த்த பிறகும் ஒரு மாணவருக்கான தொகை முறையே 356 டாலராகவும் 594 டாலராகவும் இருந்தது. ஏழை ஊர் தன் பிள்ளைகளின் கல்வியில் அக்கறை காட்டவில்லை என்ற பேச்சுக்கு இங்கு இடமே இல்லை. அதிக விகிதத்தில் வரி கட்டிய ஊரே குறைந்த தொகையைப் பெற்றது. 1968 மே மாதம் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினர். அவ்வாண்டே டெமெட்ரியோ ராட்ரிகஸ் உள்ளிட்ட பெற்றோர் வழக்குத் தொடுத்தனர்.

1973-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது. கூட்டாட்சி அரசமைப்புச் சட்டம் கல்வியை அடிப்படை உரிமையாகக் குறிப்பிடவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். மறு ஆண்டு டெட்ராய்ட் நகரைச் சார்ந்த மில்லிகன் வழக்கில், இனப் பிரிவினையைக் களைவதற்காக நகர மாணவர்களையும் புறநகர் மாணவர்களையும் மாவட்ட எல்லை தாண்டிக் கலக்கும் திட்டத்தை அதே நீதிமன்றம் நிராகரித்தது. இவ்விரு தீர்ப்புகளால் எல்லைக்கோடு இருமடங்கு வலுப்பெற்றது: பணமும் அதைக் கடக்க வேண்டியதில்லை, பிள்ளைகளும் கடக்க வேண்டியதில்லை என்றாயிற்று. அதன் பின் போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு நகர்ந்தது. டெக்ஸாஸ் உச்சநீதிமன்றம் 1989-இல் மாநிலத்தின் நிதிமுறை செல்லாது என்று ஒருமனதாக அறிவித்ததும், சொத்து வளம் மிகுந்த மாவட்டங்களின் உபரி வரியை மாநிலம் திரும்பப் பெறும் முறை 1993-இல் சட்டமானதும் இந்த இரண்டாம் கட்டத்தின் விளைவுகள்.

இக்கட்டத்தின் மிகச் சிறந்த பாடம் நியூஜெர்சியில் கிடைக்கிறது. கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்சு, இர்விங்டன், ஜெர்சி சிட்டி ஆகிய ஊர்களின் 20 பிள்ளைகள் சார்பில் 1981-இல் தொடரப்பட்ட ஆபட் வழக்கில், 1990-இல் வந்த தீர்ப்பு ஏழை நகர மாவட்டங்களின் செலவை வளமான புறநகர்களின் அளவுக்கு உயர்த்த ஆணையிட்டது. 1998-இல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்று, அம்மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் மழலையர் கல்வி தர வேண்டும் என்றது. ஒரு வகுப்பில் 15 குழந்தைகளுக்கு மேல் கூடாது, ஒவ்வொரு வகுப்புக்கும் முறையான சான்றிதழ் பெற்ற ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்று தரம் வரையறுக்கப்பட்டது. ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அக்குழந்தைகளை நான்காம், ஐந்தாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்து, மொழி, கணிதம், அறிவியல் மூன்றிலும் முன்னேற்றம் நிலைத்திருப்பதையும், ஒரே வகுப்பில் மீண்டும் படிக்க நேர்வோர் குறைந்திருப்பதையும், இரண்டாண்டு பயின்றவர்கள் ஓராண்டு பயின்றவர்களைவிடக் கூடுதல் பயன் பெற்றிருப்பதையும் 2013-இல் வெளியிட்டனர். பணம் கொட்டினாலும் பயனில்லை என்று வாதிடுவோருக்கு இது தக்க மறுமொழி. பணம் எந்த வயதில், எத்தகைய ஆசிரியரிடம், எத்தனை குழந்தைகளுக்கென்று செலவிடப்படுகிறது என்பதே பயனைத் தீர்மானிக்கிறது. வருமான வரம்பின்றி அம்மாவட்டத்தில் குடியிருப்போர் அனைவருக்கும் இக்கல்வி உரியது என்பதால், ஜெர்சி சிட்டியில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் அத்தீர்ப்பின் பயனாளிகளே.

நிதி சமன்பட்டாலும் எல்லை அப்படியே நிற்கிறது. நியூஜெர்சிப் பள்ளிகளில் நிலவும் இனப் பிரிவினையை எதிர்த்து 2018-இல் தொடரப்பட்ட வழக்கில், பல மாவட்டங்களில் மாணவரின் இன விகிதத்தில் நீடித்த சமநிலையின்மை இருப்பதை 2023-இல் நீதிமன்றம் ஏற்றது. எனினும் மாநிலம் முழுமைக்கும் அது நிறுவப்படவில்லை என்றது. கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், 101-ஆம் நெடுஞ்சாலையின் இரு புறமும் உள்ள பாலோ ஆல்டோவும் ஈஸ்ட் பாலோ ஆல்டோவும் அடுத்தடுத்த ஊர்கள். 1986-இல் ஏற்பட்ட டின்ஸ்லி உடன்படிக்கை, ஈஸ்ட் பாலோ ஆல்டோவின் ரேவன்ஸ்வுட் மாவட்டத்துச் சிறுவர்களுள் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் அண்டை மாவட்டங்களுக்குச் சென்று படிக்கக் குலுக்கல் முறையில் வழி செய்தது. குலுக்கலில் பெயர் வந்த குழந்தைக்கு அது பெரும் வாய்ப்பு; வராத குழந்தைக்கோ ஒன்றும் மாறவில்லை. உரிமையாக இருக்க வேண்டியது அதிர்ஷ்டமாகச் சுருங்குவதை நிறைவான தீர்வென்று எந்தக் கல்வியாளரும் ஏற்க முடியாது.

தமிழ்க் குடும்பங்களுள் பெரும்பகுதி இந்த எல்லையின் வசதியான பக்கத்தில் குடியேறியிருக்கிறது. எடிசன், பிளெய்ன்ஸ்போரோ, ஃப்ரீமான்ட், கூப்பர்டினோ, பிளேனோ, ஃபிரிஸ்கோ போன்ற ஊர்களில் வீடு தேடுவோர் முதலில் பார்ப்பது பள்ளிக்குத் தரப்பட்டிருக்கும் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண். அம்மதிப்பெண் பெரும்பாலும் தேர்வு முடிவுகளிலிருந்து பெறப்படுவது. தேர்வு முடிவுகளோ குடும்ப வருமானத்தோடும் பெற்றோரின் கல்வியோடும் நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே அது ஆசிரியரின் திறனைக் காட்டும் அளவுக்கு அவ்வூரில் குடியிருப்போரின் வசதியையும் காட்டுகிறது. வசதியான பக்கத்துப் பிள்ளைகளும் இதற்கு விலை கொடுக்கிறார்கள். ஆசிய மாணவர்கள் பெரும்பான்மையாகப் படிக்கும் நியூஜெர்சியின் வெஸ்ட் வின்ட்சர்-பிளெய்ன்ஸ்போரோ மாவட்டத்தின் கண்காணிப்பாளர், முந்தைய கல்வியாண்டில் 120 மாணவர்கள் மனநலப் பரிசோதனைக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் 2015-இல் பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். கல்வியை இடம்பிடிக்கும் போட்டியாக மாற்றிய சமூகம், வென்ற பிள்ளைகளையும் நிம்மதியாக வாழ விடுவதில்லை.

இந்நிலையில் வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளை நடத்துவோருக்குத் தெளிவான கடமைகள் உண்டு. இப்பள்ளிகள் தன்னார்வப் பெற்றோரின் உழைப்பால் நிற்பவை; அவ்வுழைப்பு போற்றத்தக்கது. ஆனால் வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது, கட்டணம் எவ்வளவு, காரின்றி வர முடியுமா, சனிக்கிழமை வேலைக்குச் செல்லும் உணவகத் தொழிலாளியின் பிள்ளைக்கு வேறு நேரம் உண்டா என்ற கேள்விகளுக்கான விடைகளே யார் தமிழ் கற்பார் என்பதை முடிவு செய்கின்றன. இங்கு கற்ற தமிழுக்குச் சில பள்ளி மாவட்டங்கள் அயல்மொழி மதிப்புப் புள்ளி வழங்கும் இன்று, சேர முடியாத பிள்ளை மொழியோடு அப்புள்ளியையும் இழக்கிறது. கேட்டு வாங்கும் கூச்சமின்றித் தரப்படும் கட்டணச் சலுகை, வசதி குறைந்த ஊர்களில் கிளை வகுப்பு, வார நாள் மாலையில் இணையவழி வகுப்பு ஆகியவை பெரும்பாலான பள்ளிகளின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. விசா நிலையால் தயங்கி நிற்கும் குடும்பத்திடம், குடியேற்ற ஆவணம் இல்லாத குழந்தைக்கும் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று டெக்ஸாஸிலிருந்து சென்ற வழக்கில் 1982-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை எடுத்துச் சொல்வதும் ஆசிரியரின் வேலையே.

இரண்டாவது கடமை பொதுவெளியில் உள்ளது. குடியுரிமை பெறாதோர் கல்வி வாரியத் தேர்தலில் பெரும்பாலும் வாக்களிக்க இயலாது. ஆனால் வாரியக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. பள்ளி எல்லையை மாற்றும்போதோ, அண்டையில் குறைந்த வாடகை வீடுகள் கட்டத் திட்டமிடும்போதோ நடைபெறும் பொதுக்கூட்டங்களில் தமிழ்ப் பெற்றோர் என்ன சொல்கிறார்கள் என்பது, சமூகக் கல்வி குறித்து அவர்கள் கற்றிருப்பதன் உண்மையான தேர்வு. 1956-இல் காமராசர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டம் வரிப்பணத்தை ஏழைக் குழந்தையின் தட்டுக்குக் கொண்டுசென்றது. அத்தகைய பொதுக்கல்வியின் பயனால் படித்து, கடல் கடந்து வந்த குடும்பங்கள் இச்சமூகத்தில் ஏராளம். பிறர் வரியால் கற்ற தலைமுறை, தன் வரி அடுத்த ஊர்ப் பிள்ளைக்குப் போவதை இழப்பாகக் கருதாமல், அதைக் கேட்டுப் பெற்றுத் தருவதில் முன்நிற்க வேண்டும் என்று இவ்விதழ் உறுதியாக வலியுறுத்துகிறது.